ஒய்-க்கு மட்டும் அந்த வால் எங்கிருந்து வந்தது?

கேள்வி: ஏற்காட்டிலிருந்து தினமும் பேருந்தில் சேலத்துக்கு வந்து இளநிலை இயற்பியல் முதலாமாண்டு படிக்கிறேன். பிளஸ் டூ வரை கணக்கில் எனக்குப் பயம் இருந்ததில்லை. இப்போது உட்படு சார்புகளை, அதாவது ஒய் தனியே நிற்காமல் எக்ஸ்-உடன் கலந்து நிற்கும் சமன்பாடுகளை, வகையிடுவதில் தடுமாறுகிறேன். எக்ஸ்²-ஐ வகையிட்டால் 2எக்ஸ் என்று முடிந்துவிடுகிறது. ஒய்²-ஐ வகையிட்டால் மட்டும் 2ஒய்-உடன் டிஒய் பை டிஎக்ஸ் (சுருக்கமாக ஒய்′) என்ற வால் ஒட்டிக்கொள்கிறது. "ஒய் வந்தா பக்கத்துல போட்டுக்கோ, அவ்வளவுதான்" என்று டியூஷனில் சொன்னார்கள். சென்ற இன்டர்னல் தேர்வில் எக்ஸ்²ஒய் + ஒய்³ = 10 என்ற வளைவரைக்கு (3, 1) என்ற புள்ளியில் சாய்வு கேட்டிருந்தார்கள். நான் 2எக்ஸ்·ஒய்′ + 3ஒய்²·ஒய்′ = 0 என்று எழுதி, சாய்வு 0 என்று முடித்தேன். தவறு என்று அடித்துவிட்டார்கள். சரியான விடையில் ஒய் மிச்சமிருந்ததும் எனக்கு அரைகுறையாகவே படுகிறது. இதை மனப்பாடம் செய்துகொண்டு கடந்துவிடலாமா?

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இதுவரை செய்திருப்பதே மனப்பாடம்தான்; (3, 1) என்ற புள்ளியில் உங்கள் காலை வாரிவிட்டதும் அதுவேதான். சேலத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் முதலாமாண்டு வகுப்புகளுக்குக் கணக்குச் சொல்லித்தந்தவன் என்ற முறையில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் 'பக்கத்தில் போட்டுக்கொள்' என்றுதான் நடத்தினேன், ஏனென்றால் எனக்கும் அப்படித்தான் நடத்தப்பட்டிருந்தது. விடைத்தாள் திருத்தத் தொடங்கிய பிறகுதான், உங்கள் பிழையை ஆண்டுதோறும் பத்துப் பேராவது எழுத்து மாறாமல் செய்வதைக் கண்டு, பிழை பிள்ளைகளிடம் இல்லை, நான் கொடுத்த விதியில் இருக்கிறது என்று விளங்கியது.

நீங்கள் எழுதிய வரியைப் பாருங்கள். எக்ஸ்²-ஐ வகையிட்டு 2எக்ஸ் என்றீர்கள். அடுத்து ஒய் நின்றது, பக்கத்தில் போடச் சொன்னதால் ஒய்′ போட்டீர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறீர்கள். அதன்பின் ஒய்′-ஐப் பொதுவில் எடுத்து அது 0 என்று கண்டதிலும் குற்றமில்லை. ஆனால் அந்த 0 வந்தவுடன் பேனாவை ஒரு நிமிடம் கீழே வைத்திருக்க வேண்டும். உங்கள் வரியின்படி (3, 1)-இல் மட்டுமன்றி, எக்ஸ் மிகைஎண்ணாக இருக்கும் இடமெல்லாம் சாய்வு 0 ஆகிவிடுகிறது. அப்படியானால் அந்தப் பகுதியில் வளைவரை கிடைமட்டமான நேர்கோடாக இருந்தாக வேண்டும். எக்ஸ் 3, ஒய் 1 என்றால் 9 + 1 = 10; சரி, அந்தப் புள்ளி வளைவரையில் இருக்கிறது. எக்ஸ் 1, ஒய் 2 என்றால் 2 + 8 = 10; அதுவும் இருக்கிறது. எக்ஸ் 1-இலிருந்து 3-க்குப் போவதற்குள் உயரம் 2-இலிருந்து 1-க்கு இறங்கிவிட்ட ஒரு கோடு எப்படிக் கிடைமட்டமாக இருக்க முடியும்? தேர்வறையிலேயே பிடித்திருக்கக்கூடிய பிழை இது.

இனி வாலுக்கு வருவோம். (எக்ஸ்² + 1)³ என்பதை வகையிடச் சொன்னால் நீங்கள் தயங்காமல் 3(எக்ஸ்² + 1)² என்று எழுதி, அதனுடன் அடைப்புக்குள் இருப்பதன் வகைக்கெழுவான 2எக்ஸ்-ஐப் பெருக்குவீர்கள். அது சங்கிலி விதி. பதினொன்றாம் வகுப்பிலேயே படித்தது. இப்போது அந்த அடைப்பின்மேல் ஒரு துணியைப் போர்த்தி, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதபடி மறைத்து, துணியின்மேல் 'ஒய்' என்று எழுதிவிடுங்கள். ஒய்³-ஐ வகையிட்டால் 3ஒய்², அதனுடன் உள்ளே இருப்பதன் வகைக்கெழு. உள்ளே இருப்பது என்னவென்று தெரியாததால் அதன் வகைக்கெழுவையும் கணக்கிட்டு எழுத முடியவில்லை; பெயரை மட்டும் எழுதி வைக்கிறோம். அந்தப் பெயர்தான் ஒய்′. அது ஒய்-க்குத் தனியாகச் செய்யப்படும் மரியாதை என்று நினைக்க வேண்டாம். வழக்கமான சங்கிலி விதியில் நிரப்பப்படாமல் நிற்கும் ஒரு காரணி, அவ்வளவே.

அப்படியானால் எக்ஸ்-க்கு ஏன் வால் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியைக் கேட்கும் மாணவர்கள் அரிது, ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். எக்ஸ்-க்கும் வால் உண்டு. எக்ஸ்²-ஐ எக்ஸ்-ஐப் பொறுத்து வகையிட்டால் 2எக்ஸ்·எக்ஸ்′ வருகிறது; ஆனால் எக்ஸ் தன்னைப் பொறுத்தே மாறும் வீதம் 1 என்பதால், 1-ஆல் பெருக்குவதை யாரும் எழுதுவதில்லை. மறைந்திருக்கும் அந்த 1-ஐக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், எக்ஸ், ஒய் இரண்டையுமே மூன்றாவது ஒன்றைப் பொறுத்து மாறவிடுங்கள். 5 மீட்டர் நீளமுள்ள ஏணி ஒன்று சுவரில் சாய்ந்திருக்கிறது; அடி சுவரிலிருந்து எக்ஸ் தூரத்திலும் நுனி ஒய் உயரத்திலும் இருந்தால் எக்ஸ்² + ஒய்² = 25. ஏணி சறுக்கும்போது இரண்டுமே நேரத்தைப் பொறுத்து மாறுகின்றன, ஆகவே நேரத்தைப் பொறுத்து வகையிட்டால் 2எக்ஸ்·எக்ஸ்′ + 2ஒய்·ஒய்′ = 0 என்று இரண்டு வால்களும் வெளியே வந்துவிடுகின்றன. அடி 3 மீட்டர் தூரத்தில் இருக்கையில் வினாடிக்கு 0.4 மீட்டர் வேகத்தில் விலகினால், நுனி அந்தக் கணத்தில் வினாடிக்கு 0.3 மீட்டர் வேகத்தில் இறங்கும். எதைப் பொறுத்து வகையிடுகிறோமோ அதற்கு மட்டுமே வால் 1 ஆகி மறைகிறது. மற்ற எல்லா மாறிகளுக்கும் அது நிற்கிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு எக்ஸ்²ஒய் என்ற உறுப்புக்குத் திரும்புங்கள். துணிக்கு உள்ளே எக்ஸ்-இன் ஏதோ ஒரு கோவை இருக்கிறது என்றால், எக்ஸ்²ஒய் என்பது எக்ஸ்-இன் இரண்டு கோவைகளின் பெருக்கல். பெருக்கல் விதியின்படி அதன் வகைக்கெழு 2எக்ஸ்·ஒய் + எக்ஸ்²·ஒய்′. இதை நம்பச் சொல்லவில்லை, சோதித்துப் பாருங்கள். துணிக்குள் எக்ஸ்³ இருப்பதாக நீங்களே ஒரு முறை வைத்துக்கொள்ளுங்கள். அப்போது எக்ஸ்²ஒய் என்பது எக்ஸ்⁵. அதன் வகைக்கெழு 5எக்ஸ்⁴ என்பதில் ஐயமில்லை. பெருக்கல் விதி தருவது 2எக்ஸ்·எக்ஸ்³ + எக்ஸ்²·3எக்ஸ்², அதாவது 2எக்ஸ்⁴ + 3எக்ஸ்⁴, பொருந்துகிறது. நீங்கள் எழுதிய 2எக்ஸ்·ஒய்′ தருவது 6எக்ஸ்³, படியே ஒத்துவரவில்லை. ஒரு விதியில் ஐயம் வந்தால் ஒய்-க்குப் பதிலாகத் தெரிந்த ஒன்றை வைத்து இப்படிப் பார்க்கும் வழக்கம் இருந்துவிட்டால், நீங்கள் எந்த டியூஷன் ஆசிரியரையும், என்னையும் கூட, நம்பியிருக்க வேண்டியதில்லை.

ஆக, உங்கள் தேர்வுக் கேள்வியில் சரியான வரி 2எக்ஸ்·ஒய் + எக்ஸ்²·ஒய்′ + 3ஒய்²·ஒய்′ = 0. வலப்பக்கத்து 10 மாறிலி என்பதால் 0 ஆயிற்று. இதை மறந்து 10 என்றே விட்டுவிடுபவர்களும் உண்டு, நீங்கள் மறக்கவில்லை. இதிலிருந்து ஒய்′ = −2எக்ஸ்ஒய் / (எக்ஸ்² + 3ஒய்²). (3, 1)-இல் −6/12, அதாவது −1/2. இதையும் சோதிக்கலாம்: சாய்வு −1/2 என்றால் எக்ஸ் 3-இலிருந்து 3.1-க்குப் போகையில் ஒய் 1-இலிருந்து சுமார் 0.95-க்கு இறங்க வேண்டும். 3.1-இன் வர்க்கம் 9.61; அதை 0.95-ஆல் பெருக்கி, 0.95-இன் கனத்தைக் கூட்டினால் 9.987 வருகிறது. 10-ஐ ஒட்டியே நிற்கிறது. நீங்கள் சொன்ன 0 சாய்வின்படி ஒய் 1 ஆகவே இருந்திருந்தால் 10.61 வந்திருக்கும்.

கணக்குப் போடும் முறை இவ்வளவுதான். ஆனால் உங்கள் தடுமாற்றத்தின் வேர் முறையில் இல்லை என்று நினைக்கிறேன். துணிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல், 'ஏதோ ஒரு சார்பு இருக்கிறது' என்று மட்டும் எடுத்துக்கொண்டு வேலை செய்ய மனம் ஒப்பவில்லை. விடையில் ஒய் மிச்சமிருப்பது உறுத்துவதும் அதனால்தான். இதற்கு நீங்கள் தினமும் வரும் சாலையே போதும்.

ஏற்காட்டிலிருந்து அடிவாரத்துக்கு இறங்கும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அந்தச் சாலையை மேலிருந்து பார்த்து ஒரு தாளில் வரைந்து, கிழக்கு மேற்கை எக்ஸ் என்றும் வடக்கு தெற்கை ஒய் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். சாலை மடிந்து மடிந்து வருவதால், தாளில் வடக்கு தெற்காக ஒரு கோடு இழுத்தால் அது சாலையைப் பல இடங்களில் வெட்டும். ஒரே எக்ஸ்-க்குப் பல ஒய். ஆகவே முழுச் சாலையையும் 'ஒய் = இன்னது' என்று ஒரே வாய்ப்பாட்டில் எழுத முடியாது. ஆனால் பேருந்துக்குள் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு அது ஒரு பொருட்டா? நீங்கள் இருக்கும் இடத்தில் சாலைக்கு ஒரே ஒரு திசைதான். முன்னும் பின்னும் சில மீட்டர் தூரத்தை மட்டும் பார்த்தால், அந்தச் சிறு துண்டில் ஒவ்வொரு எக்ஸ்-க்கும் ஒரே ஒய்தான் இருக்கிறது. அந்தத் துண்டு ஒரு சார்பு. நாம் 'ஒய் என்பது எக்ஸ்-இன் சார்பு' என்று சொல்லும்போது முழு வளைவரைக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. நிற்கும் இடத்தைச் சுற்றியுள்ள சிறு துண்டுக்கு மட்டுமே கொடுக்கிறோம். வளைவின் திருப்பத்தில், பேருந்து நேர் வடக்காகவோ நேர் தெற்காகவோ முகம் காட்டும் அந்த ஒரு கணத்தில் மட்டும் இந்த வாக்குப் பொய்க்கிறது. அங்கே சாய்வைச் சொல்லும் பின்னத்தின் கீழ்ப்பகுதி 0 ஆகிவிடும்.

வட்டத்திலும் இதே கதைதான். எக்ஸ்² + ஒய்² = 25-க்கு ஒய்′ = −எக்ஸ்/ஒய். எக்ஸ் 3 ஆக இருக்கும்போது மேலே (3, 4), கீழே (3, −4) என்று இரண்டு புள்ளிகள் இருக்கின்றன. மேலே சாய்வு −3/4, கீழே 3/4. எக்ஸ் மட்டுமே உள்ள ஒரு விடை இந்த இரண்டில் எதைச் சொல்கிறது என்று காட்டவே முடியாது. மிச்சமிருக்கும் ஒய்தான் 'நீ எந்தத் துண்டில் நிற்கிறாய்' என்று கேட்கிறது. ஒய்-ஐப் பிரித்தெடுத்து மேல் அரைவட்டத்துக்கு ஒரு முறை, கீழ் அரைவட்டத்துக்கு ஒரு முறை என்று வர்க்கமூலத்தை வைத்துக்கொண்டு இரண்டு தடவை செய்ய வேண்டிய வேலையை அந்த ஒரு பின்னம் முடித்துவிடுகிறது. (5, 0)-இல் கீழ்ப்பகுதி 0. வட்டத்தின் கொண்டை ஊசி வளைவு அது.

மலையில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. பள்ளிப் புவியியலில் சம உயரக் கோடுகளைப் படித்திருப்பீர்கள். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுள்ள வரைபடங்களில் பொதுவாக 20 மீட்டர் உயரத்துக்கு ஒன்றாக அவை வரையப்பட்டிருக்கும். சேர்வராயன் மலைச் சரிவில் 1,400 மீட்டர் கோட்டின்மேல் நிற்பதாக வைத்துக்கொள்வோம். அந்தக் கோட்டின் சமன்பாடு 'உயரம் = 1,400' என்பது மட்டுமே; ஒய்-ஐத் தனியே எழுத யாராலும் இயலாது. ஆனால் காலடியில், கிழக்கே 1 மீட்டர் நகர்ந்தால் 0.3 மீட்டர் ஏறுகிறது, வடக்கே 1 மீட்டர் நகர்ந்தால் 0.1 மீட்டர் ஏறுகிறது என்று தெரிந்தால் போதும். கிழக்கே 1 மீட்டர் போய் ஏறிய 0.3 மீட்டரை ஈடுகட்டத் தெற்கே 3 மீட்டர் போக வேண்டும். கோட்டின் சாய்வு −3. சரிவான காபித் தோட்டங்களில் மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாதிருக்கச் செடிகளைச் சம உயரத்தில் வரிசை பிடித்து நடும்போது, ஒவ்வொரு அடியிலும் நடப்பது இதுதான். நீங்கள் 2எக்ஸ்ஒய் என்று ஒருபக்கமும் (எக்ஸ்² + 3ஒய்²)ஒய்′ என்று மறுபக்கமும் எழுதி இரண்டின் கூட்டுத்தொகையை 0 என்கிறீர்களே, முதலாவது எக்ஸ் நகர்ந்ததால் ஏறிய ஏற்றம், இரண்டாவது ஒய் நகர்ந்து அதைச் சமன்செய்த இறக்கம். வலப்பக்கத்தில் 0 இருப்பதன் பொருள், மட்டம் மாறவில்லை என்பது.

தமிழ்ப் பாடநூலில் இதற்கு வைத்த பெயர் எனக்குப் பிடித்தமானது. ஒய் தனியே வெளியில் நின்றால் வெளிப்படு சார்பு. சமன்பாட்டுக்குள் அடங்கிக் கிடந்தால் உட்படு சார்பு. பெயரிலேயே சார்பு இருக்கிறது, உள்ளே இருக்கிறது என்பது சொல்லப்பட்டுவிட்டது. தமிழ்ச் சொற்கள் இன்னொரு பிழையையும் தடுக்கும். 'டி பை டிஎக்ஸ்' என்பது 'வகையிடு' என்ற கட்டளை. 'டிஒய் பை டிஎக்ஸ்' என்பது ஒய்-ஐ வகையிட்டுக் கிடைத்த 'வகைக்கெழு' என்ற விளைவு. பலர் வரியின் தொடக்கத்திலேயே 'ஒய்′ =' என்று எழுதிவிட்டுப் பிறகு இருபுறமும் வகையிடத் தொடங்குவார்கள்; கட்டளை இருக்க வேண்டிய இடத்தில் விளைவை வைத்துவிட்டதால் கடைசியில் இரண்டு ஒய்′ கிடைத்து விழிப்பார்கள்.

பாடத்திட்டத்தில் 'ஒய் = எக்ஸ்-இன் கோவை' முதலிலும் உட்படு சார்பு பிறகும் வருவதால், இது ஏதோ பிற்காலத்துச் சிக்கல் என்று தோன்றும். வரலாறு நேர்மாறானது. 1638-இல் பிரெஞ்சு அறிஞர் ரெனே டெகார்ட் ஒரு வளைவரைக்குத் தொடுகோடு வரைய முடியுமா என்று அந்நாட்டுக் கணிதர் ஃபெர்மாவுக்குச் சவால் விட்டபோது, டெகார்ட் கொடுத்தது எக்ஸ், ஒய் இரண்டும் கலந்த ஒரு முப்படிச் சமன்பாடு. ஃபெர்மா தம் முறையால் அதைத் தீர்த்தார். சார்பு என்ற கருத்தை நடுவில் வைத்துக் கணிதர் ஆய்லர் எழுதிய நூல் வந்தது 1748-இல்தான். டெகார்ட்டின் இலை என்று பெயர்பெற்ற அந்த வளைவரையை எக்ஸ்³ + ஒய்³ = 6எக்ஸ்ஒய் என்ற வடிவில் நீங்களே போட்டுப் பாருங்கள்: ஒய்′ = (2ஒய் − எக்ஸ்²) / (ஒய்² − 2எக்ஸ்) வரும், (3, 3)-இல் சாய்வு −1. பிறகு (0, 0)-ஐப் பிரதியிடுங்கள். 0/0 என்று நிற்கும். அங்கே இலை தன்னைத் தானே குறுக்காக வெட்டுகிறது, ஒரே புள்ளியில் இரண்டு தொடுகோடுகள் இருக்கின்றன. எவ்வளவு சிறிய துண்டாக எடுத்தாலும் ஒரே சார்பு கிடைக்காத இடம் அது. வாய்ப்பாடு வாயடைத்துப்போவதும் ஒரு தகவல்தான்.

இயற்பியல் படிப்பவர் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். வெப்ப இயக்கவியலில், வெப்பநிலை மாறா நிகழ்வில் நல்லியல்பு வாயுவின் அழுத்தத்தையும் (பி) பருமனையும் (வி) பெருக்கினால் வருவது மாறிலி: பிவி = மாறிலி. வி-ஐப் பொறுத்து வகையிட்டால் பி + வி·பி′ = 0, ஆகவே பி′ = −பி/வி. வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வில் வி-க்குக் காமா என்ற அடுக்கு வந்துவிடுவதால், அதே வழியில் −காமா·பி/வி கிடைக்கும். காற்றுக்குக் காமா 1.4. ஒரு புள்ளியில் இரண்டு வளைவரைகளும் வெட்டிக்கொள்ளும்போது இரண்டாவது 1.4 மடங்கு செங்குத்தாக இறங்குவதாகப் படம் போடுவார்களே, அதற்கான காரணம் இரண்டே வரிதான். இங்கேயும் விடையில் பி, வி இரண்டுமே நிற்கின்றன. இயற்பியல் வகுப்பில் அது உங்களுக்கு அரைகுறையாகத் தோன்றாது என்று நம்புகிறேன்.

அடுத்த இரண்டு வாரங்களுக்கு இப்படிச் செய்யுங்கள். முதல் பத்துக் கணக்குகளில் ஒய் என்று எழுதாமல் ஒவ்வொரு இடத்திலும் ஒய்(எக்ஸ்) என்று முழுதாக எழுதுங்கள். கை வலிக்கும், ஆனால் எக்ஸ்²·ஒய்(எக்ஸ்) என்று எழுதிவிட்டுப் பெருக்கல் விதியை மறக்க முடியாது. அந்தப் பத்தில் பாதியாவது ஒய்-ஐப் பிரித்தெடுக்கக்கூடிய கணக்குகளாக இருக்கட்டும். எக்ஸ்ஒய் = 12 என்பதை உட்படு முறையில் செய்தால் −ஒய்/எக்ஸ், பிரித்தெடுத்துச் செய்தால் −12/எக்ஸ்²; இரண்டும் ஒன்றே என்று கையால் காட்டிய பிறகே அடுத்ததற்குப் போங்கள். பகுதி வகைக்கெழுக்களை வைத்து ஒரே வரியில் விடை தரும் குறுக்கு வாய்ப்பாடு ஒன்று இருக்கிறது, பின்னால் படிப்பீர்கள்; இப்போது அதை யாராவது சொல்லித்தந்தால் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, பயன்படுத்தாதீர்கள். இரண்டாம் வகைக்கெழு கேட்கும் கணக்குகளில், எண்களைப் பிரதியிடுவதற்கு முன்பே இன்னொரு முறை வகையிட வேண்டும். பிரதியிட்ட பிறகு எல்லாம் மாறிலி ஆகிவிடும், மாறிலியின் வகைக்கெழு 0 என்று மறுபடி அதே பள்ளத்தில் விழுவீர்கள். வட்டத்தில் (3, 4)-இல் இரண்டாம் வகைக்கெழு −25/64 வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்²ஒய் + ஒய்³ = 10 என்ற அதே வளைவரைக்கு (1, 2)-இல் சாய்வு −4/13. வரவில்லையென்றால் உங்கள் வரிகளை முழுவதுமாக எழுதி எனக்கு அனுப்புங்கள். விடையை மட்டும் அனுப்ப வேண்டாம்.